மகனுக்குப் பதிலாகப் போட்டுக்கொண்ட ஊசி

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இரும்புக் கயிற்றோடு தொங்கிக்கொண்டு விசிலடித்தபடி வேலை பார்க்கிற ஆண்பிள்ளை, ஊசியைக் கண்டால் மயங்கி விழுவான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் மனைவியே முதலில் நம்பவில்லை. கல்யாணமான புதிதில் ரத்தப் பரிசோதனைக்கு அவனை அழைத்துக்கொண்டு போனாள். நர்ஸ் பஞ்சைக் கையில் எடுத்ததுமே லிஃப்ட்காரன் நாற்காலியோடு சாய்ந்தான். ஊசி அதன் உறையை விட்டு வெளியே வரவே இல்லை. அன்றைக்கு நம்பினாள்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். கடையின் முன்பக்கம் ஃப்ரேம்களும் நிலைக்கண்ணாடிகளுமாகப் பளபளப்பாக இருக்கும். பின்பக்கம் ஒரு சின்ன அறை. அங்கே சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, ஃப்ரேமின் உள்விளிம்புப் பள்ளத்துக்குள் 'டக்'கென்று உட்கார வைப்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மூச்சே சீராக வரும். முதலாளி இன்னொரு கடை திறக்கப் போகிறார். "அங்க லென்ஸ் அறை முழுக்க உன் பொறுப்பு, ரெண்டு பொண்ணுங்களைச் சேர்த்துத் தரேன், மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்று அவர் கேட்டதிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குடியிருப்பு முழுக்க அவளுக்குப் பெயர் கண்ணாடிக்காரி. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இதில் ஒரே சிக்கல், வீட்டில் ஒரு தலைவி இருந்ததுதான்.

மாமியாரைத்தான் சொல்கிறேன். குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. தண்ணீர் மோட்டார் எப்போது ஓட வேண்டும், யார் வண்டி யார் இடத்தில் நிற்கிறது, நாலாம் மாடி நாய் எந்தச் சுவர்ப் பக்கம் காலைத் தூக்கலாம் என்பது வரை அந்த அம்மாள் சொன்னால்தான் நடக்கும். மாமனார் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம். பேரன் பேத்தி வரவில்லை. தலைவியால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அது ஒன்றுதான் அவர் போட்ட உத்தரவுக்கு அடங்காத விஷயம். மாதா மாதம் மருமகள் குளியலறைக்குள் போனால் வெளியே வந்து நின்றுகொள்வார். கதவைத் தட்டுவார். "ஏம்மா, என்னாச்சு? வந்துடுச்சா, வரலையா?" என்று கேட்பார். உள்ளே இருப்பவளுக்குச் சுவரோடு சுவராகிப் போய்விடலாம் போலிருக்கும்.

"நாள் முழுக்க மெஷின் முன்னாடி நின்னா எப்படித் தங்கும்?" என்று ஒருநாள் தலைவி தீர்ப்பே சொல்லிவிட்டார். "இந்த மாசத்தோட வேலைய விட்டுடு. படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கையைத் தலைக்கு மேல தூக்கக்கூடாது. நல்லா ரெஸ்ட் எடு. எல்லாம் தானா நடக்கும்."

"டாக்டர் அப்படி எதுவும் சொல்லலையே அத்தை."

"டாக்டருக்கு என்ன தெரியும், அவளும் நாள் முழுக்க நின்னுட்டுத்தானே இருக்கா?"

கண்ணாடிக்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான். "அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்குதான்" என்றான். அந்த 'இது' எது என்று அவனுக்கே தெரியாது. மதில்மேல் பூனையாக இருப்பதில் அவன் கெட்டிக்காரன்.

லேடி டாக்டர் அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து, குறை ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்று பலமுறை சொல்லியாயிற்று. லிஃப்ட்காரன் ஒவ்வொரு முறையும் எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று கம்பி நீட்டினான். நகரத்து லிஃப்டுகளெல்லாம் அவன் டாக்டரிடம் போகிற நாளாகப் பார்த்துத்தான் நிற்கும்.

அந்த நேரத்தில்தான் கடைக்கு ஊசியம்மா வந்தார். அக்குபங்சர் வைத்தியம் பார்ப்பவர். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது, இப்படியே போனால் என் தொழில் போச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணாடிக்காரி அவர் ஊசி பிடிக்கிற தூரத்தை அளந்து பார்த்து அதற்கேற்ற கண்ணாடி செய்து கொடுத்தாள். போட்டுப் பார்த்த ஊசியம்மா, கண்ணாடிக்குள்ளிருந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ சரியாத் தூங்கறதில்லையே" என்றார்.

அவ்வளவுதான், கண்ணாடிக்காரிக்கு அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. முதலாளி முன்பக்கம் இருந்ததால் சத்தமில்லாமல் அழுதாள்.

ஊசியம்மாவிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமா என்று லேடி டாக்டரைக் கேட்டதற்கு, "போயிட்டு வாங்க, தப்பில்ல. நான் குடுத்த சத்து மாத்திரையை நிறுத்தாதீங்க, அவ்வளவுதான்" என்றார். ஊசியம்மாவும் வானத்தை வில்லாக வளைக்கவில்லை. "குழந்தை குடுக்கறது என் கையில இல்ல. உடம்பு கொஞ்சம் இறுக்கம் தளரும், தூக்கம் வரும். அதுக்கு மேல நான் சொன்னா பொய்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சலவைக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை. கீழேயிருந்து இஸ்திரி வாசனை வரும். ஊசியம்மா அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் விரல்களை வைத்து நாடி பார்த்தார். பிறகு முடியளவு மெல்லிய ஊசிகளைக் கணுக்காலுக்கு மேலே, அடிவயிற்றில், கையில், உச்சந்தலையில் என்று குத்தினார். வலி என்று சொல்ல முடியாது, உள்ளுக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. சூடு கொடுக்கும் சிவப்பு விளக்கை வயிற்றுக்கு நேரே திருப்பிவிட்டுப் போய்விட்டார். கண்ணாடிக்காரி தூங்கிப் போனாள். யாரும் கதவைத் தட்டாத இடத்தில் அவள் படுத்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. பாதி சமாச்சாரம் அவர்கிட்ட இருக்கு" என்றார் ஊசியம்மா, ஊசிகளை எடுத்துக்கொண்டே.

வீட்டில் இதைச் சொன்னதும் லிஃப்ட்காரனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தனை ஊசி போடுவாங்க?"

"பதினஞ்சு, பதினாறு இருக்கும்."

அவன் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டான். தாய்ப்பாசம் என்பது சாதாரணமா? தலைவி ஒரே எட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"புள்ளைய ஏன் பயமுறுத்தற? அவனுக்குப் போட வேண்டியதை எனக்குப் போடச் சொல்லு. நான் பெத்த உடம்புதானே அது? ரெண்டும் ஒரே ரத்தம்."

"அப்படியெல்லாம் ஆள் மாத்திப் போட முடியாது அத்தை."

"நீ போய் ஊசிகிட்ட கேட்டியா?"

ஊசியிடம் யார் கேட்டார்கள்? அடுத்த வாரம் தலைவி கைப்பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். சலவைக் கடை மாடியில் தன் கோரிக்கையைச் சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரலில் எடுத்து வைத்தார். ஊசியம்மா புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"நாக்கை நீட்டுங்க பாப்போம்" என்றார். தலைவி நீட்டினார். "வயிறு உப்புசம் இருக்குமே?"

"இருக்கு. ஏப்பம் ஏப்பமா வருது. ஆனா நான் அதுக்கு வரல. புள்ளைக்குப் பதிலாத்தான் வந்திருக்கேன்."

"சரி சரி, படுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த கண்ணாடிக்காரிக்கு எல்லாம் கேட்டது. "வயித்துலயா? வயித்துலயா போடறீங்க? போடுங்க, போடுங்க" என்று தலைவி உத்தரவு கொடுப்பதும், கொஞ்ச நேரத்தில் பெரிய குறட்டையும். மகனின் கடனைத் தாய் குறட்டை விட்டு அடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்துத்தான் கதை சூடுபிடித்தது. தலைவி சரியாகச் சாப்பிடவில்லை. யாருக்கும் தெரியாமல் எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்புத் தொட்டுத் தின்றார். வாசலில் வேறொருவரின் வண்டி கோணலாக நிற்பதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் வந்தார். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகளைத் தேடி மூச்சு வாங்க ஏறி வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஈர வேட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"நாள் தள்ளிப் போயிருக்கு" என்றார், காதோடு காதாக.

"இல்லையே அத்தை, எனக்குப் போன வாரம்தான்..."

"உனக்கில்லடி. எனக்கு!"

கண்ணாடிக்காரியின் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்து, அங்கிருந்து அடுத்த கட்டடத்துக்கே போய்விட்டது.

"போன வருஷத்துலேர்ந்தே முன்னப் பின்னதான் வரும். ஆனா இந்தத் தடவை சுத்தமா இல்ல. குமட்டுது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. அந்த ஊசி ஆள் மாறி வேலை செஞ்சிடுச்சுடி. உனக்குப் போய்ச் சேர வேண்டியது எனக்கு வந்துடுச்சு. பாவி, எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது!"

"அதுக்கு... மாமா..."

"அந்தப் பேச்சை எடுக்காத" என்றார் தலைவி. முகம் சிவந்துவிட்டது. "ரிட்டையர் ஆன மனுஷன். வீட்டுல வேற என்ன வேலை இருக்கு அவருக்கு."

கண்ணாடிக்காரி ஈர வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தலைவி முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமே அத்தை?"

"வேண்டாம், வேண்டாம்! ஆமான்னு வந்துட்டா நான் என்ன செய்வேன்? கொஞ்ச நாள் போகட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாத. உன் புருஷனுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

அன்று மதியமே கண்ணாடிக்காரி கடையிலிருந்து ஊசியம்மாவுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் வெறும் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"நான் போட்டது வாயுவுக்கும்மா. முட்டிக்கு ரெண்டு. ஊசி குத்தினா கர்ப்பம் ஆகறதுன்னா உலகத்துல எந்தத் தையல்காரனும் நிம்மதியா இருக்க முடியாது. இந்த வயசுல நாள் தள்ளித்தான் போகும். எதுக்கும் ஒரு டெஸ்ட் பண்ணிட்டு, லேடி டாக்டர்கிட்டயும் காட்டச் சொல்லு. உடனே சொல்லிடு, பயந்து கிடப்பாங்க."

"இன்னைக்கே சொல்லிடறேன்" என்றாள் கண்ணாடிக்காரி. சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனாள். சத்தியமாக. ஆனால் கதவைத் திறந்ததும் தலைவி முக்காலியில் ஏறி அலமாரியின் மேல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"ஐயோ அத்தை! கையைத் தலைக்கு மேல தூக்கலாமா?"

தலைவியின் கை அந்தரத்தில் நின்றது.

"இறங்குங்க, மெதுவா. நீங்கதானே சொன்னீங்க? படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. இந்த நிலைமையில இப்படி ஆடலாமா?"

தலைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தாள். காலுக்கு ஒரு தலையணை வைத்தாள். ஒரு டம்ளர் பாலைக் கையில் கொடுத்து, ஆறும் வரை பக்கத்தில் நின்றாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் மருமகளைப் பார்த்து டைம்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து வந்த நாட்கள் கண்ணாடிக்காரியின் வாழ்க்கையிலேயே இனிப்பான நாட்கள். சங்கக் கூட்டம் மொட்டைமாடியில். தலைவி கிளம்பினார். "மாடிப்படி அத்தை" என்றாள் மருமகள். தலைவி உட்கார்ந்தார். தலைவி இல்லாத கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றாகி, தண்ணீர் மோட்டார் ஒருநாள் ஓடவே இல்லை, அடுத்த நாள் நிற்கவே இல்லை. நாலாம் மாடி நாய்க்குச் சுதந்திரம் கிடைத்தது. கீழே யாரோ அடுத்தவர் இடத்தில் வண்டியை நிறுத்துவது ஜன்னல் வழியாகத் தெரிய, தலைவி எழுந்து கத்த வாயைத் திறந்தார்.

"சத்தம் போடாதீங்க அத்தை. உள்ள அதிரும்."

வாய் மூடிக்கொண்டது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்று லிஃப்ட்காரன் மனைவியைத் தனியாகக் கேட்டான்.

"முட்டிவலி. ரெஸ்ட் எடுக்கறாங்க."

"இவ்வளவு நேரமா ஒரே இடத்துலயா? டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"காட்டலாமே. நீங்களும் வாங்க, அப்படியே உங்களையும் காட்டிடலாம்" என்றாள். அவனுக்கு உடனே எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவளின் கையைத் தலைவி பிடித்துக்கொண்டார். "பைத்தியம் பிடிக்குதுடி எனக்கு. ஜன்னல்ல எத்தனை கம்பின்னு எண்ணிட்டேன். கடிகாரத்தைப் பாத்தா ஓடவே மாட்டேங்குது. எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாத்துட்டுப் போறாங்க, நான் மட்டும் இங்க பொம்மை மாதிரி."

"பழகிடும் அத்தை. நானும் இந்த மாசத்தோட வேலைய விட்டுடறேன்ல? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துக்கலாம்."

தலைவி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கண்ணாடிக்காரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். நல்ல பெண்தான். ஆனால் ஐந்து வருஷம் சிரிக்காமல் இருந்த பெண், அதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சிரிப்பு எங்கே நின்றது தெரியுமா? மறுநாள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. தலைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே முற்றத்தில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அந்தக் கூச்சலுக்கு அவர் கீழே இறங்கிப் போய் எல்லோரையும் விரட்டிவிட்டு வருவார். அன்றைக்கு விரட்டவில்லை. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெட்கம். கண்ணாடிக்காரி அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அவள் உள்ளே போகவில்லை. வந்த வழியே கீழே இறங்கி, மருந்துக் கடையில் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்குப் பாத்துடலாம் அத்தை. வாங்க."

"இப்பவா?" என்றார் தலைவி. ஆனால் எழுந்தார்.

இருவரும் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்கள். தலைவி கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தார். குச்சியை வாஷ்பேசின் விளிம்பில் வைத்துவிட்டு மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். குழாய் சொட்டியது. ஒரு கோடு வந்தது. அப்படியே நின்றது.

"இன்னொண்ணு லேட்டா வருமோ?" என்றார் தலைவி.

"வராது அத்தை."

"வெளிச்சத்துல வெச்சுப் பாரேன்."

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தாள். "இல்ல அத்தை."

"அப்பாடா" என்றார் தலைவி. "மானம் போகாம தப்பிச்சேன். நாலு பேர் சிரிச்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

கண்ணாடிக்காரி ஆடிப்போனாள். அந்த அம்மாள் அழுது அவள் பார்த்ததில்லை.

"எனக்கு எதுக்குடி அழுகை வருது? வேண்டாம் வேண்டாம்னுதானே இருந்தேன்? பயந்துட்டுத்தானே கிடந்தேன்? நேத்து சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு பேர் தோணிச்சு. பொண்ணா இருந்தா வெக்கலாம்னு. அவ்வளவுதான், ஒரே ஒரு பேர். அதுக்கு இப்படி வலிக்குமா?"

"வலிக்கும் அத்தை" என்றாள் மருமகள். "எனக்கும் பேரெல்லாம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு யோசிப்பேன். பழசைத் திரும்ப வெக்க மனசு வராது."

தலைவி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக அவருக்குக் கணக்குப் புரிந்தது.

"ஒவ்வொரு மாசமுமா?"

"ம்."

"இங்கதானா? நான் வெளியில நின்னு தட்டும்போதா?"

கண்ணாடிக்காரி தலையை ஆட்டினாள். தலைவி வாளியில் உட்கார்ந்தபடியே அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அப்போது பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு? எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் டைம்கீப்பர்.

"போங்க அந்தப் பக்கம்!" என்று தலைவி போட்ட சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. "இனிமே இந்தக் கதவை எவனாவது தட்டினீங்க, கையை ஒடிச்சிடுவேன்!"

அந்த இடத்தில் கண்ணாடிக்காரி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் தன்னைக் கட்டிப்பிடித்திருப்பவரிடம் பொய்யோடு நிற்க அவளால் முடியவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். எனக்கு முன்னாடியே தெரியும். உங்களுக்குப் போட்டது வாயு ஊசி. நீங்க மாடியில சொன்ன அன்னைக்கே ஊசியம்மாகிட்ட கேட்டுட்டேன்."

இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் விலகின.

"தெரிஞ்சுதான் என்னை உட்கார வெச்சியா? இத்தனை நாளா வேடிக்கை பாத்தியா?"

"பாத்தேன்."

"எதுக்குடி? நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"நீங்க என்னையும் உட்காரத்தானே சொன்னீங்க அத்தை?" என்றாள். "உங்களுக்குக் கொஞ்ச நாள்தான். எனக்கு எத்தனை வருஷம்னுகூடச் சொல்லல."

தலைவி எழுந்தார். தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டு போனார். வெளியே காத்துக்கொண்டிருந்த டைம்கீப்பர், இவர் முகத்தைப் பார்த்ததும் வந்த வேலையையே மறந்து வேறு பக்கம் போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சுமூச்சில்லை. தலைவி கீழே இறங்கிப் போய் மோட்டாரைச் சரிசெய்தார். வண்டிகளை நேராக்கினார். நாலாம் மாடி நாயை ஒரு பார்வை பார்த்தார், அது வாலைச் சுருட்டிக்கொண்டது. மருமகள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மாதம் முடிந்துகொண்டிருந்தது. முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் காலையில் கண்ணாடிக்காரி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலையை விடுவதாகச் சொன்னால் அந்தப் பாவத்துக்கு ஈடாகுமா என்றுகூட நினைத்துப் பார்த்தாள். லிஃப்ட்காரன் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

தலைவி உள்ளேயிருந்து வந்து வழியை மறித்து நின்றார்.

"என் கோபம் தீரல. தீர்ந்துடுச்சுன்னு நெனச்சுக்காத."

"சரி அத்தை."

"அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் புதுக் கடைக்கு என்ன பதில் சொல்லப் போற?"

கண்ணாடிக்காரி கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"போறேன்னு சொல்லு" என்றார் தலைவி. "மனுஷி உட்கார்ந்தே இருந்தா என்னாகும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில லேடி டாக்டர்கிட்ட நீ வர்ற. மயக்கம் போட்டு விழுந்தாலும் தூக்கிட்டுப் போய்க் காட்டுவேன். எவன் லிஃப்ட் நின்னாலும் சரி, படியேறிப் போகட்டும்."

லிஃப்ட்காரனின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

கண்ணாடிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து செருப்பின் வாரை இழுத்துவிடுவது போல நடித்தாள். தலைவி அவள் காதருகில் குனிந்தார்.

"ஆனா ஒண்ணு. மொட்டைமாடியில நான் உன்கிட்ட சொன்னது வெளியில ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"என்ன பண்ணுவீங்க?"

தலைவி யோசித்தார். தன்னிடம் இருந்த பெரிய மிரட்டல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தது போலிருந்தது.

"வேலைய விடச் சொல்லுவேன்" என்றார்.

சொன்னவருக்கே முதலில் சிரிப்பு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இருவரும் குலுங்கிச் சிரிப்பதை, நனைந்த சட்டையோடு லிஃப்ட்காரன் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.